எக்ஸ்ரேக்கு இவர் சொன்ன விலை

மார்ச் 3, திங்கள்

இவருக்கு வலது முழங்கால் வீங்கிவிட்டது. தேயிலைக் கொழுந்துச் சாக்கை லொறியில் ஏற்றும்போது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். தைப்பொங்கலுக்கு முன்னாலிருந்தே நொண்டுகிறார். கேட்டால், "குளிருக்கு அப்பிடித்தான்" என்பார்.

சாயந்திரம் நானே ராகலை டொக்டரிடம் கூட்டிப் போனேன். சிங்களவர், நல்ல மனுசன். முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்து வரும்படி துண்டு எழுதிக் கொடுத்தார். துண்டை வாங்கியதும் இவர் முகம் செத்துப்போனது. காசை நினைத்திருப்பார்.

மார்ச் 6, வியாழன்

நுவரெலியாவுக்குத் தனியாகத்தான் போனார். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் எனக்கு லீவு கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்து பார்த்தால் எனக்கு முன்னாலேயே வீட்டில் இருக்கிறார். கையில் படம் இல்லை.

"பன்னெண்டாயிரம் கேக்கிறாங்க ஷாமிலா. ஒரு முட்டிக்கு! நாங்க எங்க போறது?"

பன்னிரண்டாயிரமா! எலும்பைப் படம் பிடிக்கவா, புது எலும்பு போடவா?

"அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாம எடுப்பாங்களே, அங்க போவோம்."

"அங்க கூட்டம். நாள் குடுத்து, அது எப்பவோ. விடு."

தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

ஒத்தடம் கொடுத்தேன். வீக்கம் அப்படியே இருக்கிறது. அதோடு வேலைக்கும் போய்விட்டார். சொன்னால் கேட்டால்தானே.

மார்ச் 10, திங்கள்

பிரியந்தி ஸ்கூல் விட்டு வந்ததும் தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தாள். "அடகு வைங்கம்மா. அப்பா படியேறுறதப் பாக்க முடியல." ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. வயதுக்கு வந்தபோது போட்ட தோடு.

இவர் கத்தினார் பாருங்கள் — "யாருடி ஒன்னக் கேட்டது! போடு காதுல!" மகளை ஒரு நாளும் அதட்டிப் பேசாத மனுசன். அவள் அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள்.

தோடு என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு அடகு வைத்துவிடுவேன். என்னைத் திட்டட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

எப்படி எழுதுவது இதை.

இன்று ஒருவழியாக லீவு கேட்டு வாங்கி நுவரெலியாவுக்குப் போனேன். அடகுக் கடைக்குப் போகுமுன், காசைக் கொஞ்சம் குறைப்பார்களா என்று கேட்கலாமென எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பிள்ளை துண்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் எடுப்போம், ரெண்டாயிரத்து எண்ணூறு" என்றாள்.

காதில் சரியாக விழவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னாள்.

"போன வியாழக்கிழமை பன்னெண்டாயிரம்னு சொன்னாங்களாமே?"

"இல்லக்கா. வருசம் பொறந்ததுலேர்ந்து இதே ரேட்டுதான். யாரு சொன்னது அப்பிடி?"

யாரு சொன்னது! என் புருசன் சொன்னது.

அடகு வைக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஏன் பொய் சொல்லணும்? காச வேற எதுக்கும் வச்சிருக்காரா? குடிக்கிற ஆளில்ல. வேற யாராச்சும்...? ராகலை வரும்வரை கண்டதையும் நினைத்தேன். நினைத்ததை எழுத வெட்கமாயிருக்கிறது.

மார்ச் 12, புதன்

கேட்டுவிட்டேன். பிரியந்தி டியூஷனுக்குப் போயிருந்தாள். இவர் அடுப்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அந்த எடத்துக்குப் போனேங்க. வெலையக் கேட்டேன்."

கோப்பையைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை.

"நான் உள்ளயே போகல ஷாமிலா. வாசல்ல நின்னேன். ஒரு ஆளு அந்தப் பெரிய எக்ஸ்ரே கவரத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தாரு. அப்பிடியே பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிட்டேன்."

பிறகுதான் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அழகன் அண்ணன். எங்கள் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாலேயே இறந்துபோனார், காலில் கட்டி வந்து. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவருடைய வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

"அவனுக்கும் முட்டியிலதான் ஆரம்பிச்சிச்சு. படம் எடுத்துக்கிட்டு டொக்டர்கிட்ட போனோம். அவனுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தெரியும்னு கூட்டிட்டுப் போனான். கால எடுக்கணும், எடுத்தாலும் சொல்ல முடியாதுன்னு டொக்டர் சொல்றாரு. நான் ஒம்பதாம் வகுப்பு. நாந்தான் அத அவனுக்குத் தமிழ்ல சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்."

"அண்ணன் என்ன சொன்னாங்க?"

"சரிடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வான்னான்."

நேற்றெல்லாம் என்னைத் தின்ற கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டா இந்த மனுசன் என்னோடு இத்தனை வருஷம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்?

"நானும் கூட வாறேன். படத்த நானே வச்சிக்கிறேன், டொக்டர்கிட்டயும் நானே கேக்கிறேன்" என்றேன்.

"ஒனக்குத்தான் சிங்களம் வராதே" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனாலும் உதடு கொஞ்சம் சிரித்தது.

மார்ச் 15, சனி

அரசாங்க ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்கும்வரை இவர் மனசு தாங்காது. சீட்டுக்கு வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு போய் நுவரெலியாவில் எக்ஸ்ரேக்குக் கட்டினேன். பன்னிரண்டாயிரமாகவே இருந்திருந்தாலும் இன்று கட்டியிருப்பேன்.

கவர் என் மடியில்தான் இருந்தது. பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ராகலை டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சிங்களத்தில் மளமளவென்று என்னவோ சொன்னார். எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. நான் இவர் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. டொக்டர் முடித்துவிட்டார், இவர் வாயே திறக்கவில்லை.

"என்னாங்க? சொல்லுங்க!" சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன், டொக்டர் இருக்கிறார் என்றுகூடப் பாராமல்.

"தேய்மானமாம். கொஞ்சந்தானாம். கட்டி கிட்டி ஒண்ணும் இல்லையாம். பாரம் தூக்கக் கூடாது, காலுக்குப் பயிற்சி செய்யணும். நல்லாயிருமாம்." என் பக்கம் திரும்பி, "நல்லாயிரும்னு சொல்றாரு ஷாமிலா" என்றார். அப்படியே அழுதுவிட்டார். டொக்டர் ஒன்றும் புரியாமல் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

டவுனில் மூன்று பேருக்கும் கொத்து ரொட்டி வாங்கினோம். வீட்டில் பிரியந்தி எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். அப்பா கூப்பிட்டு, தன் கையாலேயே அவளுக்குத் தோட்டைப் போட்டுவிட்டார். திருகாணி போடத் தெரியாமல் தடுமாறியதில் அவள் காது சிவந்துபோனது.

மார்ச் 19, புதன்

லொறியிலிருந்து மாற்றிவிட்டார்கள். இனிக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை. பாரம் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை. மூன்று பேரும் அடுப்படியில்தான் இருந்தோம். நான் ரொட்டி தட்ட, இவர் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். செய்துகொண்டே, யாரும் கேட்காமல், "அழகன் அண்ணன் ஒருதடவ கண்டாக்கையா மாதிரி பேசி என்னா பண்ணிச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தார்.

மலைக்கு இந்தப் பக்கம் மறைந்து நின்று, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கின் குரலில் "எல்லாரும் எறங்கு!" என்று கத்தினாராம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்டுகள் அத்தனை பேரும் கூடையோடு இறங்கி வர, எதிரே நிஜக் கண்டாக்கு வந்து நின்றாராம். இவர் அந்தக் குரலிலேயே கத்திக் காட்டினார். பிரியந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பெரியப்பா இப்பிடி ஆளாப்பா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

ரொட்டி கருகிப்போனது. அதையே பிய்த்துத் தின்றுகொண்டு, "இன்னொண்ணு இருக்கு, கேளு" என்றார் இவர்.