லீவு லெட்டரை யாரிடம் கொடுப்பது?

என் குமரேசா,

"ஏங்க்கா, உனக்கு ஒடம்பு முடியலன்னா எச்.எம்.கிட்ட லீவு லெட்டர் குடுக்கற. நான் யாருகிட்ட குடுக்கறது?" என்று ஒருநாள் கேட்டாயே, நினைவிருக்கிறதா? உன் சாமை மில் வாசலில், உமி ஒட்டிய சட்டையோடு நின்றாய். நான் சிரித்தேன். "மொதலாளிக்கு இன்னாடா லீவு?" என்றேன். நீயும் சிரித்தாய். இரண்டே மாதத்தில் உன்னை நீயே முடித்துக்கொண்டாய்.

நீ அன்று என்னிடம் நீட்டியதே லீவு லெட்டர்தான். வாங்கிப் படிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு விடுமுறை விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான். காரணம் எதுவானாலும் 'காய்ச்சல்' என்றுதான் எழுதுவார்கள். அப்பா இறந்து நான்கு நாள் வராத பெண்கூட அப்படித்தான் எழுதி வந்தாள். கரும்பலகையில் நான் எழுதிப் போட்டது அதுதானே! பயமாக இருக்கிறது என்றும் எழுதலாம் என்று ஒரு வகுப்பிலாவது சொன்னேனா?

நீயும் காய்ச்சல் என்றுதான் சொன்னாய். கல்வராயன் மலையிலிருந்து சாமை மூட்டை ஏற்றி வரும் லாரிக்காரர், "இன்னா மொதலாளி, மலைப்பக்கமே காணோம்? சாமை கோச்சிக்கினு இருக்குது" என்று கேலி செய்வார். "லேசா காய்ச்சல்ங்க" என்பாய். முதலாளி படுத்துவிட்டான் என்று தெரிந்தால் மலையில் சரக்கை வேறு மில்லுக்குக் கொடுத்துவிடுவார்கள், பதினான்கு பெண்களின் வேலை போய்விடும் என்று உன் பெண்டாட்டி செல்வியிடம் மட்டும் சொன்னாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் சிரித்ததாலா?

இப்போது மில்லைச் செல்விதான் நடத்துகிறாள். நன்றாகவே நடத்துகிறாள். நீயும் கடைசி நாள்வரை நன்றாகத்தான் நடத்தினாய்.

நேற்றுக் காலை நான் மில்லில் இருந்தபோது லாரி வந்து நின்றது. "அக்கா, மூட்டைய எங்க எறக்கறது?" லாரிக்காரர் மூன்று முறை கேட்டும் செல்வி வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். உன் கண், குமரேசா. அன்று மில் வாசலில் பார்த்த அதே கண்.

"இன்னாம்மா செல்வி?"

"ஒண்ணுமில்ல அண்ணி. லேசா காய்ச்சல்."

கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். "லீவு லெட்டர் எழுது."

"யாருக்கு, உங்களுக்கா? நீங்களே ரிடையராயி வூட்ல குந்திக்கினு இருக்கீங்க."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. 'காய்ச்சல்' என்று எழுதினாள். அதை அடித்துவிட்டாள். வெகுநேரம் கழித்து எழுதினாள்: "காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. அவர் போன இடத்துக்கே போய்விடலாமா என்று இருக்கிறது."

இந்த முறை நான் சிரிக்கவில்லை.

நேற்றிலிருந்து அவளை விட்டு நகரவில்லை. மில் சாவி என் முந்தானையில் இருக்கிறது. இன்று காலை மில் பெண்களிடம், "செல்விக்கு மனசு சரியில்ல. கொஞ்ச நாள் லீவு" என்று உள்ளபடியே சொன்னேன். "அதுக்கு இன்னா டீச்சர், நாங்க ஓட்டிக்கினு இருக்கோம். அண்ணனும் இத சொல்லியிருந்தா..." என்று மூத்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்தப் பாதி வாக்கியம் இன்னும் என் காதில் நிற்கிறது.

மலைக்குச் சேதி போயிருக்கும். சரக்கு வருமா, தெரியவில்லை. வராமல் போகட்டும். நாளை அவளைக் கள்ளக்குறிச்சியில் மனநல டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். "வரேன் அண்ணி" என்றிருக்கிறாள். பஸ் ஏறும்வரை எனக்கு நம்பிக்கையில்லை. நீயும் "நாளைக்கி வூட்டுக்கு வரேன்க்கா" என்று சொன்னவன்தானே?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், தம்பி. அவளை உன்னிடம் அனுப்ப மாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் தொழில் நடத்துகிற யாராவது இருந்தால், இன்றே ஒரு தாளில் லீவு லெட்டர் எழுதுங்கள். காய்ச்சல் என்று எழுதாமல், உள்ள காரணத்தை எழுதி, பக்கத்தில் இருக்கும் ஒருவர் கையில் கொடுங்கள்.

சிரித்து உன்னைத் தொலைத்த
உன் அக்கா