மரச்சீனி வேகிற நேரம்

எலே,

இன்றைக்குக் காலையில் உன்னால் என் வண்டி லேட். பூவாரில் ஆள் ஏறி முடிந்தும் கண்டக்டரான நான் டபுள் பெல் அடிக்காமல் நின்றேன். முன் சீட்டில் இருந்த பெண்ணின் மொபைலில் ஒரு ராக்கெட் மேலே போய்விட்டு, போன வழியே திரும்பி, வாலில் தீயோடு செங்குத்தாக வந்து நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "எந்தா சேட்டா, போகண்டே?" என்று கத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு பெல்லை இழுத்தேன்.

செத்தவனைத் திட்டக் கூடாது என்று எட்டு மாசம் பொறுத்தேன். இனி என்னால் ஆகாது.

நீ கடைசியாக வீட்டுக்கு வந்தது ஏழு வருஷத்துக்கு முன்னால். உன் அம்மை அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நீயும் நானும் ரெண்டாம் வகுப்பு பெஞ்சில் இருந்த மாதிரி தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். "இனி எப்பம் மக்கா வருவ?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், நீ ஆரம்பித்தாய். ஒரே ராக்கெட்டைத் திரும்பத் திரும்ப விடலாமாம். அதில் பஸ் மாதிரி ஆள் ஏற்றலாமாம். அமெரிக்காவில் ஏறினால் அரை மணிக்கூரில் பொழியூர் கடலில் இறங்கலாமாம். நீ வேலை பார்க்கிற கம்பெனியே அதைச் செய்கிறதாம், இன்னும் அஞ்சு வருஷம்தானாம்.

அம்மை கத்தியைக் கீழே வைத்தாள். "அரை மணிக்கூரா? அப்போ ஏறும்போ ஒரு போன் பண்ணு. கிழங்கு வேகவும் அவ்வளவு நேரமாக்கும். சாளை மீன் கறியோட சூடா தின்னலாம்."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நாள் முழுக்க பஸ்ஸில் ஆளை ஏற்றி இறக்குகிறவனிடம் வந்து சர்வீஸ் விடுவதைப் பற்றி அளந்தால் விடுவேனா?

"திரும்பி வந்த வண்டியை அடுத்த டிரிப்புக்கு எப்பம் விடுவ? எங்க டிப்போவில பிரேக் பாக்கவே நேரம் வேணும்."

"அதெல்லாம் வேகமா பாத்திரலாம்."

"காத்தடிச்சா?"

"கொஞ்சம் காத்திருக்கணும்."

"ஏறுற கிழவன் கிழவி நெஞ்சு தாங்குமா? சரி, அதை விடு. வழியில கோளாறு வந்தா நான் வண்டியை ஓரங்கட்டி ஆளை இறக்கி விடுவேன். நீ எங்கலே ஓரங்கட்டுவ?"

நீ என் தொடையில் ஓங்கி அடித்தாய். "எல்லாம் சரியாகும்லே. ஊருக்கெல்லாம் புளுகினாலும் உங்கிட்ட நான் கள்ளம் சொல்லுவேனா?"

நம்பினேன். மடையன் நான், நம்பினேன். நீ போன பிறகு அம்மை கேட்கும்போதெல்லாம், "சோதனை நடக்குது அம்மா, வந்திரும்" என்று உனக்காக வாயடித்ததும் நான்தான். பொழியூரிலிருந்து வீடுவரை எந்த பஸ், எத்தனை மணிக்கு என்றுகூடச் சொல்லி வைத்தேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, காரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன்பு உன்னைக் கூப்பிட்டேன். "இங்க இப்போ பாதி ராத்திரிலே. லீவு கிடைக்காது. கிடைச்சாலும் வந்து சேர ரெண்டு நாளாகும். நீ பாத்துக்கோ" என்றாய். உன் பின்னால் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. ஏசி சத்தம் என்று நினைத்தேன். அம்மையிடம் போய், "அவன் அழுறான் அம்மா, வர வழியில்ல" என்றேன். நீ அழவில்லை. அதையும் நானே சேர்த்துச் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் உன் நெஞ்சு நின்றுபோனது என்று போன் வந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள், நாங்கள் மொபைலில் பார்த்தோம். போன மாசம் உன்னோடு வேலை பார்த்த ஒருவர் உன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மை என்னைத்தான் திறக்கச் சொன்னாள்.

உள்ளே ஒரு நோட்டு. அங்கே யாரும் வாசிக்கக் கூடாதென்று தமிழில் எழுதினாயா? நான் அடுப்படியில் கேட்ட கேள்விகள் அத்தனையும் வரிசையாக இருந்தன, கீழே உன் பதில்கள். சத்தம் தாங்காது, அதனால் கரையிலிருந்து தள்ளிக் கடலில்தான் இறக்க வேண்டும். அங்கே போக ஒரு படகு, வர ஒரு படகு. காற்றுக்கும் மழைக்கும் காத்திருப்பு. ஒவ்வொரு டிரிப்புக்கும் சோதனை. கடைசியில் எழுதியிருந்தாய்: "அவன் கேட்டதெல்லாம் சரி. அரை மணிக்கூர் வானத்தில் மட்டும். வீடு வந்து சேர ஒரு நாள். என் அம்மையை நான் இதில் ஏற்ற மாட்டேன்." தேதி, நீ இங்கிருந்து திரும்பிப் போன அடுத்த வாரம்.

அப்படியானால் ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும் உனக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மை, "போகட்டும் மக்கா, பிளேன்ல வா" என்று சிரித்திருப்பாள்.

நோட்டோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். அதன் அடியில் நாடாவோடு ஒரு கார்டு கிடந்தது. ஏதோ கருத்தரங்கத்துக்குக் கழுத்தில் மாட்டுவது. உன் படம், உன் பேர், அதன் கீழே ஆங்கிலத்தில் கோவளம். அதில் தேதி போட்டிருந்த மூன்று நாளும் அம்மை காரக்கோணத்தில் கிடந்த நாட்கள்.

கோவளம்லே! அது என் ரூட், விழிஞ்ஞம் தாண்டினால் அடுத்த ஊர். அந்த ஹோட்டலுக்குத் திரும்புகிற முக்கில் தினமும் நாலு தடவை பெல் அடிக்கிறவன் நான். போனில் இரைந்தது கடல். அமெரிக்காவிலிருந்து அரை மணிக்கூரில் வருகிறேன் என்றவனுக்கு அங்கிருந்து ஒரு பஸ் ஏற மனசில்லை. அவளுக்கு முகம் காட்ட வெட்கப்பட்டாயா? எனக்கு நீ முகம்கூடக் காட்ட வேண்டாம். என் வண்டியில் ஏறி, பின் சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தால்கூடப் போதும், நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

கார்டை ஒளிக்கப் பார்த்தேன், அதற்குள் அம்மை கையை நீட்டிவிட்டாள். உன் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கட்டில் பக்கத்து ஆணியில் மாட்டச் சொன்னாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

"இதுல என்ன எழுதியிருக்கு, வாசி மக்கா."

"அவன் பேரு அம்மா. அவன் வேலை."

"ஊரு போடலியா?"

பாறசாலை, உச்சக்கடை, பூவார், விழிஞ்ஞம் என்று நாள் முழுக்கத் தொண்டை கிழிய ஊர் விளிக்கிறவன் நான். "ஊரு போடல அம்மா" என்றேன்.

அது இப்போதும் அங்கேதான் தொங்குகிறது. வாசிக்கத் தெரிந்தவர் யார் வந்தாலும் நான் எழுந்து போய் அதன் முன்னால் நிற்கிறேன். வண்டியில் விழிஞ்ஞம் வரைக்கும் ஊர் விளிக்கிறேன். அதற்கடுத்த ஊர் வரும்போது பெல்லை மட்டும் இழுக்கிறேன்.