கால்கழுவும் அண்டாவில் தங்கியிருக்கும் தூதர்

நீர் வற்றாதிருக்க. நெல் சாயாதிருக்க. எல்லைக் காவலர் அச்சமின்றி உறங்குமளவு அமைதி நிலைக்க.

வெண்குதிரைக் கொடி உடையவளும், கூடலி ஆற்றின் இரு கரைக்கும் உரியவளும், அலந்துறை நாட்டின் அரசியுமான நீலமங்கை, மலைக்கு அப்பால் வெள்ளாழி ஆறு பாயும் செங்கய நாட்டின் வேந்தர் கடம்பவேள் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் அரண்மனையும் யானைக் கொட்டிலும் களஞ்சியமும் நலமே விளங்குக. தங்கள் தூதர் உயிரோடிருக்கிறார். இதை முதலில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் அமைச்சர் வேண்மருதனார். மற்றவை இனி.

கணவாய்ப் போர் ஓய்ந்தபோது இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று பிணை தந்தன. இங்கிருந்து அமைச்சரின் ஒரே மகள் நல்லினி தங்கள் அவைக்கு வந்தாள். அங்கிருந்து, தங்கள் குலம் போற்றும் செந்நிற மீன் ஒன்று, வெள்ளாழி நீர் நிறைந்த பளிங்குத் தொட்டியில், தூதர் என்னும் பட்டத்தோடு வந்தது. ஒரு பிணை இறந்தால் உடன்படிக்கையும் இறக்கும் என்பது இரு தரப்பும் ஒப்பிய சொல். மகளுக்கு ஈடு மீனா என்று அவையில் சிலர் முணுமுணுத்தனர். வேண்மருதனார் முணுமுணுக்கவில்லை. மீனைத் தம் மாளிகையில் வைத்துக்கொள்ள இசைவு கேட்டார். இது நலமாக இருக்கும்வரை அவளும் நலமாக இருப்பாள் என்று அவர் நம்பியது, அவர் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மழைக்காலத்துக்குச் சற்று முன் தூதரின் தலையில் ஒரு தடிப்பு தோன்றியது. மிளகளவு இருந்தது இலந்தைக் கனியளவு ஆயிற்று. பாகற்காயின் தோல் போல மேடும் பள்ளமுமாகக் கண்களை நோக்கி இறங்கிற்று. அதன்மேல் பஞ்சு போல வெண்மை படர்ந்தது. தூதர் உணவைத் தொடவில்லை. தொட்டியின் மூலையில் ஒருபுறம் சாய்ந்து கிடந்தார்.

அரண்மனை மருத்துவர் வந்து, நாடி எங்கே இருக்கிறது என்று காட்டினால் மருந்து சொல்வதாகச் சொன்னார். யானை மருத்துவர் வந்து, தம் கைக்கு இந்த நோயாளி மிகச் சிறியவர் என்று சொல்லித் திரும்பிப் போனார். கணியர், அது கட்டியன்று, முளைத்துவரும் மணிமுடி, வெற்றியின் அறிகுறி என்றார். எந்த நாட்டு வெற்றி என்று அமைச்சர் கேட்டதும், தமக்கு வேறிடத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார். மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது ஒரு மருத்துவரைக்கூட அழைக்காதவர் இந்தத் தலைக்கட்டிக்கு ஊரையே கூட்டுகிறாரே என்று அமைச்சரின் மனைவி பூங்கோதையார் கேட்டார்.

கட்டியை அறுத்துவிடலாம் என்றார் படை முகாமின் மருத்துவர். அறுத்தால் இறந்துபோகலாம். அறுக்காவிட்டாலும் இறந்துபோகலாம். தங்களிடம் கேட்கலாம் என்றால், பிணை நலங்குன்றிய செய்தியே பிணக்காகிவிடலாம். திருப்பி அனுப்பலாம் என்றால், அது பிணையை மறுப்பதாகும். வேண்மருதனார் நாள்தோறும் தொட்டியின் முன் அமர்ந்து இந்த நான்கையும் மாற்றி மாற்றி எண்ணினார். முடிவில் அறுப்பதற்கு நாள் குறிக்கச் சொன்னார். மறுகணமே அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றார்.

அதற்குள் பேரவை நாள் வந்தது. தூதர்கள் யாவரும் அவைக்கு வந்தாக வேண்டும் என்பது இந்நாட்டு முறை. நோயுற்ற தூதரும் தொட்டியோடு பல்லக்கில் ஏற்றப்பட்டார். அவை வாயிலின் படியில், முன்னால் தாங்கியவன் வழுக்கினான். தொட்டி உருண்டது. நீர் அனைத்தும் படிகளில் இறங்கி ஓடியது. தூதர் கம்பளத்தில் துள்ளினார்.

வேண்மருதனார் அறுபதைக் கடந்தவர். அவர் ஓடி யாரும் கண்டதில்லை. அன்று ஓடினார். தூதரை இரு கைகளாலும் அள்ளி, அருகிலிருந்த அண்டாவில் விட்டார். விட்ட பிறகே அது என்ன அண்டா என்று அவருக்குத் தெரிந்தது. அவைக்கு வருவோர் கால் கழுவ மொண்டு எடுப்பதற்காக, காலையில் கூடலியிலிருந்து கொணர்ந்து நிரப்பிய நீர் அது. செங்கய நாட்டின் தூதரைக் கால்கழுவும் நீரில் வைத்தாயிற்று. இனிப் போர்தான் என்று பல்லக்குத் தூக்கியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டனர்.

மீண்டும் தூக்கினால் உயிர் போய்விடும் என்ற அச்சத்தால் யாரும் தூதரைத் தொடவில்லை. அந்த அண்டாவுக்கே காவல் போடப்பட்டது. அவைக்கு வந்தோர் கால் கழுவாமலே உள்ளே வந்தனர். மறுநாள் காலையில் பூங்கோதையார் ஒரு சிட்டிகை அரிசிமாவைத் தூவினார். தூதர் உண்டார். அடுத்த நாளும் உண்டார். பஞ்சு போன்ற வெண்மை உரிந்து போயிற்று.

தொட்டி நீரை ஏன் ஒருமுறையேனும் மாற்றவில்லை என்று அரசி கேட்டாள். இந்நாட்டுத் தூதர் வெளிநாடு செல்கையில் தாய்மண்ணில் ஒரு பிடி கொண்டுபோய், அதன்மேல் இருக்கை இடுவது வழக்கம், அந்த மண்ணை அகற்றுவது தூதரையே அகற்றுவதாகும், மீனுக்குத் தாய்மண் நீரல்லவா என்று அமைச்சர் மறுமொழி சொன்னார். ஆகவே வெள்ளாழி நீரில் ஒரு துளியும் வெளியே போகாமல் காத்து வந்திருக்கிறார். வற்றிய அளவுக்கு மட்டும் நீர் ஊற்றியிருக்கிறார். அது பச்சையாகி, பிறகு கருமையாகி, நாறியபோதும் கொட்டாமல் காத்து வந்திருக்கிறார். அது மரியாதை என்றே அவையில் எல்லாரும் எண்ணியிருந்தனர். அரசியும் எண்ணியிருந்தாள்.

இப்போதும் தெளிவு பிறக்கவில்லை. தூதர் நீந்துகிறார், உண்கிறார், அமைச்சரின் விரலைக் கண்டால் மேலே வருகிறார். ஆனால் தலைக்கட்டி குறையவில்லை. முன்னிலும் சற்றுப் பெருத்திருக்கிறது. அது நோயா, அல்லது தங்கள் நாட்டு மீன்களுக்கு வயது ஏறும்போது வளரும் உருவமா என்று இங்கு யாருக்கும் தெரியவில்லை. இவரின் தாய் தந்தைக்கும் அப்படி இருந்ததா? தாய்நீர் கொட்டிப்போன தூதர் இன்னும் தூதர்தாமா? இவ்விரண்டுக்கும் தங்கள் விடை வரும்வரை கத்தி உறையிலேயே இருக்கும், அண்டா நீர் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி மாற்றப்படும்.

இறுதியாக ஒன்று. நல்லினி புறப்பட்டபோது, கூடலி நீர் நிறைந்து வாய் மெழுகிட்ட குடங்கள் அவளோடு வந்தன. பெற்றோரே நிரப்பிக் கொடுத்தவை. நாள்தோறும் காலையில் ஒரு மிடறு குடித்து நாட்டை நினைக்க வேண்டும் என்று தந்தை சொல்லி அனுப்பியிருந்தார். அண்டாவின் அருகே நின்றபோதுதான் அந்தக் குடங்கள் அவர் நினைவுக்கு வந்தன. அன்று முதல் அவர் உண்ணவில்லை.

எனவே பிணையாகத் தங்கள் அவையில் இருக்கும் நல்லினிக்கு அரசியின் ஆணை இது. தாங்களே வாசித்துக் காட்டியருள வேண்டும். குடங்களை அவள் கவிழ்த்துவிடுக. வெள்ளாழி நீரைப் பருகுக. குடித்தபின் பசிக்கிறதா என்று தன் கையால் ஒரு வரி எழுதுக.

வெண்குதிரை முத்திரை இடப்பட்டது. ஏட்டின் ஓரத்தில் இருக்கும் ஈரம் அண்டா நீர். அமைச்சர் கை துடைக்காமல் வாங்கிப் பார்த்துவிட்டார். பொறுத்தருள்க.