கிரீடம் வைத்த அஞ்சலிப் படம்

புரட்டாசி, வியாழக்கிழமை.

இங்கிலாந்தின் பெரிய நாடக நடிகர் ஒருவர் போன வாரம் இறந்துபோனார். அவருக்கு இன்று எங்கள் ஆங்கிலத் துறையில் கண்ணீர் அஞ்சலி. துறைத்தலைவர் சொந்தச் செலவில் பிளெக்ஸ் அடித்திருந்தார். நெட்டில் முதலில் வந்த படத்தையே போட்டுவிட்டார். தலையில் கிரீடம், ஒட்டுத் தாடி, வேஷம் கலைக்காத ராஜா. அந்த ராஜாவுக்குப் பூ மார்க்கெட்டில் வாங்கிய ரோஜா மாலை, ஊதுபத்தி, ஒரு நிமிட மௌனம். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு துறைத்தலைவரின் நாற்பது நிமிடப் பேச்சு. நடிகர் பிறந்தது, குரல் பயிற்சி எடுத்தது, அரண்மனையில் பட்டம் வாங்கியது, எல்லாம் போனைப் பார்த்து வாசித்ததுதான். இடையிடையே சொந்தச் சரக்கு வேறு. "மேடையில அம்புட்டு கம்பீரமா நிப்பாரு" என்றார், முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் மாதிரி. மனுஷன் பக்கத்திலிருக்கும் கொடைரோட்டைத் தாண்டி ஒரு நாடகம் பார்த்திருக்க மாட்டார். நான் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும், வேடசந்தூரிலிருந்து வரும் இரண்டாம் வருட மாணவி முத்துலட்சுமி நோட்டும் பேனாவுமாக என்னிடம் வந்தாள். அந்த நடிகரின் மேடை நடிப்பை ஆராய்ந்துதான் நான் பிஎச்டி வாங்கினேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"சார் போனைப் பாத்துத்தான வாசிச்சாரு மேடம். நீங்க நேர்லயே பாத்திருப்பீங்க. எப்பிடி நடிப்பாரு?"

எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

"மேடையில அம்புட்டு கம்பீரமா நிப்பாரு" என்றேன்.

அவள் அதை எழுதிக்கொண்டாள்.