மாடி விளக்கை அணைத்துவிட்டோம், தம்பி

என் தங்கத் தம்பி முரளிக்கு,

பறவைகள் வரத் தொடங்கிவிட்டன. வடக்கே குளிர் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. நீ இல்லாமல் அவை வருவது இதுதான் முதல் தடவை.

போன வருடம் மாசாயில் நம் அடுக்குமாடியின் கீழே ஒரு பறவையை எடுத்து வந்தாயே, நினைவிருக்கிறதா? பச்சை முதுகு, நீல இறக்கை, வாலடியில் சிவப்பு. படிக்கட்டுக் கண்ணாடியில் மோதி விழுந்திருந்தது. உன் உள்ளங்கையிலேயே அதன் உயிர் போனது.

"பாவம், வழி தெரியாம வந்துருச்சு" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதுக்கு வழி நல்லாத் தெரியும்கா. சூரியன், நட்சத்திரம், பூமியோட காந்தம், எல்லாத்தையும் வெச்சு அவ்ளோ தூரம் பறந்து வருது. நம்ம மாடி லைட்டுதான் அத கொழப்பிடுச்சு."

மொட்டைமாடியின் பெரிய விளக்குகளை இரவில் அணைக்கும்படி குடியிருப்பாளர் கூட்டத்தில் கேட்டாய். சிரித்தார்கள். மறுபடியும் கேட்பேன் என்றாய். தைப்பூசத்துக்கு முன்பே, எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிய ஒரு காலையில், வாசலிலேயே உன் இதயம் நின்றுபோனது.

இந்த வருடக் கூட்டத்துக்கு நான் போனேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத உன் அக்காதான், எழுந்து நின்று அதையே கேட்டேன்.

"லைட்ட அணைச்சா மோட்டர் சைக்கிள் காணாம போயிடும்லா, யாரு பொறுப்பு?" என்றார் கீழ்வீட்டுச் சந்திரன் அண்ணன்.

"கீழ பார்க்கிங் லைட்டு எரியட்டும்ணே. மேல உள்ளது வானத்துக்குத்தான் வெளிச்சம் போடுது. அங்க யாரு மோட்டர் நிறுத்துறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். சந்திரன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "இது முரளி கேட்டதுதானே?" என்றார் மெதுவாக.

"ஆமாண்ணே. இப்ப நானும் கேக்குறேன்."

முதலில் உயர்ந்தது அவர் கைதான்.

விளக்கு அணைந்ததிலிருந்து தினமும் காலையில் படிக்கட்டடியைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். இதுவரை ஒன்றும் விழவில்லை. சில குஞ்சுகள் தாய் தகப்பன் துணையில்லாமல் முதல் பயணத்திலேயே சரியாக வந்து சேர்கின்றனவாமே, அவற்றுக்கு யார் திசை சொன்னது? ஆராய்ச்சி செய்கிறவர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உன்னிடம் கேட்க முடியாததால் நானே தேடித் தேடிப் படிக்கிறேன்.

பக்கத்து பிளாக்கில் இன்னும் விளக்குகள் எரிகின்றன. அடுத்த மாதம் அவர்களுடைய கூட்டம். சந்திரன் அண்ணனும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். அவற்றையும் அணைக்க வைப்பேன், தம்பி. இது என் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
மல்லிகா அக்கா