உன் கை சொன்னதும் நான் சொன்னதும்

இன்று காலை கேகாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சாக்கில் ரப்பர் ஷீட் இருந்தது. அந்தப் புளித்த புகை வாடை வந்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, நீதிமன்றத்துக்கு நடந்தே போனேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வரும்போது உன் சட்டையில் இருந்த வாடை அது. நீ போய் ஒரு வருஷமாகிறது. உனக்கு எழுத்துத் தெரியாது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நீ பிறவியிலேயே காது கேளாதவள். எந்தப் பள்ளிக்கூடமும் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்த நாம் கையாலேயே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். தொப்பி வைத்துக் காட்டினால் துரை, மீசையை முறுக்கினால் கங்காணி.

பால் ஊற்றப் போன உன்னை ஸ்டோர் சூப்பர்வைசர் கதவைச் சாத்திவிட்டுப் பிடித்து இழுத்த அன்று, நீ நேராக என்னிடம் வந்தாய். பொலிஸுக்குப் போகலாம் என்றாய். என் புருஷன் அந்த ஆளுக்குக் கீழேதான் வேலை செய்தார். வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு.

பெண் பொலிஸின் முன்னால் கையால் காட்டியதில் நீ ஒன்றையும் விடவில்லை. தாழ்ப்பாள், வாயைப் பொத்திய கை, கிழிந்த சட்டை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: "ஸ்டோர்ல அவர் ஏசிட்டாராம். இவளுக்குப் பயமா இருக்காம்."

அந்தப் பெண் பொலிஸ் எழுதிக்கொண்டே இருந்தார். நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பி, கையால் சொன்னாய்:

"நான் சொன்னத நீ சொல்லல. சொல்லியிருந்தா அவங்க முகம் மாறியிருக்கும்."

"நான் தப்பாச் சொல்லிட்டேன் மிஸ். திரும்ப எழுதுங்க" என்றேன்.

"வெளையாடுறியா?"

"இல்ல மிஸ். இவ சொன்னது வேற. நான்தான் பயந்து மாத்திட்டேன்."

இந்தத் தடவை 'இவள்' என்று சொல்லவில்லை; நீயே பேசுவதுபோலச் சொன்னேன். 'இவள்' என்ற சொல்லுக்குப் பின்னால் மறுபடி ஒளிந்துகொள்வேன் என்று தோன்றியது. "நான் உள்ள போனேன். அவர் கதவைச் சாத்தினார்" என்று ஆரம்பித்தேன். பேனா நின்றது. நீ ஆமென்று தலையை ஆட்டினாய்.

அந்த ஆளைப் பிடித்தார்கள், வேலையும் போனது. என் புருஷனைத் தோட்டத்தின் தூர டிவிஷனுக்கு மாற்றினார்கள். "ஒனக்கு வாய் இருக்குன்னா பேசிக்கிட்டே இருக்கணுமா?" என்றவர், அப்புறம் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. நான் முறையாகச் சைகை மொழி படித்து மொழிபெயர்ப்பாளர் ஆனது அதற்குப் பிறகுதான். படித்து வந்து காட்டியதைப் பார்த்து, "இதெல்லாம் டவுன் கை" என்று சிரித்தாய். இன்றைக்கும் நீதவானின் முகத்தைப் பார்க்காமல் ஒரு வரியையும் என்னால் முடிக்க முடிவதில்லை.

போன வருஷம் எலிக்காய்ச்சலில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, நான் எம்பிலிப்பிட்டிய நீதிமன்றத்தில் வேறொருவருக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன். வந்து சேர்வதற்குள் நீ இல்லை.

வார்ட்டில் இருந்த நேர்ஸிடம் கேட்டேன். "கடைசி வரைக்கும் கைய இப்படி ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. எங்களுக்கு வெளங்கல" என்று ஆட்டிக் காட்டினார்.

நம் பேச்சில் உள்ளங்கை தன் பக்கம் இருந்தால் 'வா'. வெளியே பார்த்திருந்தால் 'போ, போய் வேலையப் பாரு'.

"உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்துச்சு மிஸ்?"

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஞாபகம் இல்லையே" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, அடுப்படியில், வழக்குக் கூப்பிடக் காத்திருக்கும்போது, என் கை தானாக ஆடுகிறது. ஒரு தடவை உள்ளே திருப்பி, ஒரு தடவை வெளியே திருப்பி. இரண்டுமே நீ சொல்லக்கூடியதுதான்.