மேட்டுப் புல்லுக்கு எந்த மெஷின்?

லங்காவி

அன்புள்ள அம்மாவுக்கு,

இவாஞ்சலின் வணக்கத்தோடு எழுதுகிறேன். ஆண்டவர் துணையால் நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? கரங்கானில் மழை எப்படி?

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் முதல் பந்தை அடிக்கும் சின்ன மேடுகளுக்குப் புல்வெட்டும் மெஷின் வாங்க வேண்டியிருந்தது. கூட வேலை செய்யும் ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்து ஓட்டுவதைத்தான் கேட்டார்கள். கடைக்காரர் இரண்டு வகையையும் சோதிக்கக் கொடுத்திருந்தார். உட்கார்ந்து ஓட்டுவதை நான் ஓட்டிப் பார்த்தபோது அது சரிவில் வழுக்கியது. குதித்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

மேலாளர் தேவனிடம் போய், "திரும்ப இடமில்ல சார். ஓரத்துப் புல்லெல்லாம் பிய்யுது. தள்ளிக்கிட்டு நடக்குறதே போதும்லா," என்றேன்.

"கால் வலிக்குமே?" என்று சிரித்தார்.

"வலிக்கட்டும் சார். புல்லு நல்லா இருக்கும்."

மறுநாள் இரண்டையும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். நான் சொன்னதையே வாங்கினார். பதினெட்டு ஆட்டக்குழிகளின் மேடுகளும் இப்போது என் பொறுப்பு, அம்மா!

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். எனக்கு ஞாயிறும் வேலை. கோயிலில் பாடுவதை போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் குரல் தனியாகக் கேட்கும்படி முன்னால் நில்லுங்கள்.

இங்கே மழை விட்டுவிட்டது, வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்
இவாஞ்சலின்